ஒண்ணாம் தேதி சம்பளம் நின்ற பிறகு: வேலையை விட்டுச் சிறுதொழிலுக்கு வருபவர்களுக்கு

ராணிப்பேட்டை சிப்காட்டிலோ ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனியிலோ பத்துப் பன்னிரண்டு வருஷம் இருந்துவிட்டு, "போதும்ப்பா, சொந்தமா ஏதாவது பண்ணலாம்" என்று யோசிப்பவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, என்ன தொழில் பண்ணலாம் என்றுதான். அதை அப்புறம் பார்க்கலாம். பொருள் நம் கையை விட்டுப் போகிற நாளுக்கும் அதற்கான காசு கைக்கு வருகிற நாளுக்கும் நடுவே எத்தனை நாள், அத்தனை நாளையும் யார் காசில் ஓட்டப் போகிறோம், இதற்கு முதலில் பதில் வேண்டும். சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே வந்திருக்காது, ஏனென்றால் அவருக்காக முதலாளி அதைச் சுமந்துகொண்டிருந்தார்.

நான் தோல் கம்பெனியில் தரப் பரிசோதனையில் இருந்துவிட்டு இப்போது வேலூரில் சின்னதாக ஒரு பர்ஸ், பெல்ட் யூனிட் நடத்துகிறேன். அதனால் உதாரணமெல்லாம் தோலிலிருந்துதான் வரும். மெஸ் வைக்கப் போகிறவரும் பேட்டரி கடை போடப் போகிறவரும் எண்களை மட்டும் மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ராஜினாமா கடிதத்துக்கு முன்னால்

மேனேஜரோடு சண்டை போட்ட மறுநாள் பேப்பர் போடாதீர்கள். காலண்டரைப் பாருங்கள். ஐந்து வருஷம் முடியச் சில மாதம்தான் பாக்கி என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்துவிடுங்கள், நிரந்தர ஊழியருக்குப் பணிக்கொடை (கிராஜுவிட்டி) அதற்கப்புறம்தான். பொதுவாகக் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்ந்த தொகையை 15ஆல் பெருக்கி 26ஆல் வகுத்தால் ஒரு வருஷத்துக்கு உரியது. 20,000 ரூபாய் வாங்கியவர் ஏழு வருஷம் இருந்திருந்தால் சுமார் 80,800 ரூபாய் வரும், ஒரு நல்ல பழைய தையல் மெஷினுக்கு அதுவே வழி காட்டும். தீபாவளி போனஸ் நெருங்கினாலும் அதே கதைதான். ஆடியில் தொழில் தொடங்கக் கூடாது என்று வீட்டில் சொன்னால் அந்த ஒரு மாதம் சம்பளம் வாங்கிக்கொண்டு சந்தோஷமாகக் காத்திருங்கள், சாஸ்திரமும் லாபமும் ஒன்றாகப் போகும் அபூர்வமான இடம் அது.

பி.எஃப். பணத்தைத்தான் மூலதனம் என்று பலர் நினைக்கிறார்கள். தொடர்ந்து ஐந்து வருஷம் சேவை இல்லாமல் எடுத்தால் வரி உண்டு. பென்ஷன் பகுதியில் மாதப் பென்ஷன் கிடைக்கப் பத்து வருஷ சேவை வேண்டும், எட்டு ஒன்பது வருஷத்தில் இருப்பவர் அந்தப் பகுதியை எடுக்காமல் ஸ்கீம் சான்றிதழ் வாங்கி வைத்தால், பிறகு வேறு வேலைக்குப் போனாலும் பழைய சேவை சேர்ந்துகொள்ளும். எடுக்கிறீர்களோ இல்லையோ, கம்பெனியை விட்டு வரும்போது விலகிய தேதியை யு.ஏ.என். என்கிற உங்கள் பி.எஃப். எண்ணின் கணக்கில் ஏற்றிவிட்டார்களா என்று பார்த்துவிட்டு வாருங்கள், இல்லையென்றால் அப்புறம் எச்.ஆர். ஆளைத் தேடி கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டியிருக்கும்.

மருத்துவக் காப்பீட்டை மறந்தே போவார்கள். கம்பெனி குரூப் பாலிசி கடைசி நாளோடு போய்விடும், இ.எஸ்.ஐ.யும் சில மாதத்துக்கு மேல் நிற்காது. புதுப் பாலிசியில் ஏற்கெனவே இருக்கிற சர்க்கரை, பிரஷருக்கு மூன்று வருஷம் வரைகூடக் காத்திருப்புக் காலம் வைக்கிறார்கள், ஆகவே வேலையில் இருக்கும்போதே குடும்பத்துக்குச் சொந்தப் பாலிசி எடுத்து ஓடவிடுங்கள். வீட்டுக் கடனோ கிரெடிட் கார்டோ வேண்டுமென்றாலும் சம்பள ஸ்லிப் இருக்கும்போதே வாங்குங்கள். ஸ்லிப் போய்விட்டால் இரண்டு மூன்று வருஷ வருமானவரிக் கணக்கு கொண்டா என்பார்கள். (பெண் பார்க்கிற வயசில் இருப்பவர்கள் அதையும் முடித்துக்கொண்டு வருவது நல்லது. "மாப்பிள்ளை சொந்தத் தொழில்" என்றால் எதிரில் இருப்பவர் முகம் எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும்.)

இன்னொன்று, கம்பெனி பேட்டர்னையும் வெளிநாட்டு பையர் கொடுத்த டிசைனையும் போனில் படம் பிடித்துக்கொண்டு வராதீர்கள். வேலையை விட்ட பிறகு அதே தொழில் செய்யாதே என்று ஒருவரைத் தடுக்கும் ஒப்பந்தம் 1872ஆம் வருஷ ஒப்பந்தச் சட்டத்தின் 27ஆம் பிரிவுப்படி செல்லாதுதான், ஆனால் அடுத்தவர் டிசைனை எடுத்து வந்தால் அது வேறு வழக்கு. அதைவிட முக்கியம், நல்லபடியாக விடைபெற்று வந்தால் முதல் ஜாப் ஒர்க் (அவர்கள் சரக்கைக் கூலிக்குச் செய்து கொடுப்பது) அந்தப் பழைய கம்பெனியிலிருந்தே வரலாம்.

எவ்வளவு பணம் வேண்டும்

இங்கேதான் பேப்பரும் பேனாவும் எடுத்து உட்கார வேண்டும். கீழே வரும் விலையெல்லாம் கணக்குக்காக நான் வைத்துக்கொண்டது, உங்கள் சரக்குக்கு உங்கள் விலையைப் போடுங்கள்.

ஒரு ஆண்கள் பர்ஸ். கழிவு சேர்த்து ஒன்றே முக்கால் சதுர அடி தோல், அடி 100 ரூபாய் என்றால் 175. லைனிங், நூல், சொல்யூஷன் (ஒட்டுப் பசை), எட்ஜ் கலர் (ஓரத்துக்குப் பூசும் சாயம்), டப்பா எல்லாம் 45. வெட்ட, ஸ்கைவிங் போட (ஓரத்தை மெலிதாகச் சீவ), ஒட்ட, தைக்கக் கூலி 60. ஆகமொத்தம் 280. புதிதாக வருபவர் இதை 350க்குக் கொடுத்து, பீஸுக்கு 70 ரூபாய் லாபம் என்று மனைவியிடம் சொல்லிவிடுவார். மாதம் 500 பீஸ் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். ஷெட் வாடகை 8,000, கரண்ட் 2,000, ஆம்பூருக்கும் பேரணாம்பட்டுக்கும் அலைகிற செலவு 3,000, சேர்த்து 13,000. அதை 500ஆல் வகுத்தால் பீஸுக்கு 26. அப்புறம் நீங்கள் காலை முதல் ராத்திரி வரை உழைக்கிறீர்களே, அதற்குக் கூலி? மாதம் 25,000 என்று போட்டால் பீஸுக்கு 50. இப்போது அடக்கமே 356. தையல் போன பீஸ், கறை பட்ட பீஸ் என்று நூற்றுக்கு மூன்று கழித்தால் 365க்குப் பக்கத்தில் வந்துவிடும். 350க்கு விற்பவர் பீஸுக்குப் பதினைந்து ரூபாய் தன் கையிலிருந்து கொடுக்கிறார். அது வீட்டில் யாருக்கும் தெரியாது, ஏனென்றால் அவர் தன் சம்பளத்தைக் கணக்கிலேயே எழுதவில்லை.

அடுத்தது நாள் கணக்கு. 500 பீஸுக்கு 1,40,000 ரூபாய் சரக்குக்கும் கூலிக்கும், 13,000 வாடகை வகையறா, 25,000 வீட்டுக்கு, ஆக மாதம் 1,78,000 வெளியே போகிறது. தோல்காரர் புது ஆளுக்குக் கடன் தரமாட்டார், காசு வைத்தால்தான் சரக்கு. செய்து முடிக்கப் பதினைந்து நாள், கடைக்காரர் காசு கொடுக்க 45 நாள் என்றால் முதல் ரூபாய் உள்ளே வர இரண்டு மாதம். அதற்குள் மூன்றரை லட்சத்துக்கு மேல் போயிருக்கும். மெஷின், டை (தோல் வெட்டும் அச்சு), ஷெட் அட்வான்ஸ் எல்லாம் இதில் சேரவே இல்லை. கையில் ஐந்து லட்சம் வைத்திருப்பவர் நாலரை லட்சத்தை மெஷினில் போட்டுவிட்டு ஷெட்டில் உட்கார்ந்திருப்பதை இந்தப் பக்கம் நிறையப் பார்க்கலாம். மெஷின் பளபளவென்று இருக்கும், தைக்கத் தோல் இருக்காது.

தொழிலைத் தேர்ந்தெடுக்கும்போதே இதைப் பார்க்கலாம். சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றியிருக்கும் சந்துகளில் வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு என்று எங்கிருந்தோ வருகிறவர்கள் வாரக்கணக்கில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுவார்கள், அவர்களுக்கு அடுப்பும் குக்கரும் நாள் வாடகைக்கு விடுபவர் முதலில் டெபாசிட் வாங்கிக்கொண்டுதான் பாத்திரத்தையே எடுத்துக் கொடுப்பார், அங்கே காசு முன்னால் வருகிறது. நேதாஜி மார்க்கெட் காய்கறிக்காரருக்கு அன்றைக்கே வருகிறது. என்னைப் போலச் செய்து கடைக்குப் போடுபவருக்குப் பின்னால் வருகிறது. மூன்றாவது வகைக்கு வருவதாக இருந்தால் கையிருப்பு இரண்டு மடங்கு வேண்டும், வீட்டில் இன்னொரு சம்பளம் இருந்தால் ரொம்ப நல்லது.

சரக்கு வாங்கும்போது

எக்ஸ்போர்ட் ஆர்டரில் மிஞ்சிய தோல் ஸ்டாக் லாட்டாக மலிவாகக் கிடைக்கும், சின்ன ஆளுக்கு அதுதான் வாழ்வு. கிடைத்தது என்று அள்ளிவிடாதீர்கள். வெள்ளைத் துணியை நனைத்துப் பிழிந்து மேலே பத்துத் தடவை அழுத்தித் தேயுங்கள், சாயம் ஏறினால் நாளைக்கு வாடிக்கையாளர் பேன்ட் பாக்கெட்டில் ஏறும். நாலாக மடித்து விரலால் நசுக்கி விரியுங்கள், மடிப்பில் வெடிப்பு தெரிந்தால் பர்ஸுக்கு ஆகாது. தோலின் பின்பக்கம் அளவு எழுதியிருக்கும், 18 என்று பெரிதாகவும் அதன் தலையில் சின்னதாக 2 என்றும் இருந்தால் அது பதினெட்டும் இரண்டு கால் அடியும், அதாவது பதினெட்டரை. அந்தச் சின்ன எண்ணைப் பார்க்கத் தெரியாதவர் விலை பேசும்போதே தெரிந்துவிடும், அப்புறம் பேச்சு வேறு மாதிரி போகும். ஒவ்வொரு கட்டிலும் இரண்டு தோலையாவது விரித்து அளந்து பாருங்கள்.

ஸ்டாக் லாட்டில் அந்த நிறம் இன்னொரு தடவை வராது. கடைக்காரர் "இதே பிரவுன்ல இன்னும் இருநூறு பீஸ் போடுங்க" என்பார், அந்தப் பிரவுன் உலகத்திலேயே இருக்காது. ஆகவே ஸ்டாக் லாட் சரக்கை "இருக்கிற வரைக்கும்" என்று சொல்லி விற்றுவிட்டு, தொடர்ந்து போடும் கறுப்புக்கும் டேனுக்கும் மட்டும் நிலையான ஒரு ஆளிடம் வாங்கிப் பழகுங்கள். ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் வெள்ளிக்கிழமை மதியம் போய் நிற்காதீர்கள், தொழுகை நேரம்.

ஷெட் பார்க்கும்போது ஜனவரியில் போய்ப் பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுத்துவிடுவார்கள். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்கள் கூரையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். தகர ஷெட்டில் சித்திரை மதியம் ஒட்டு வேலை நடக்காது, டப்பாவைத் திறந்து வைத்த கொஞ்ச நேரத்தில் சொல்யூஷன் கெட்டிப்படும், ஆட்களும் உட்காரமாட்டார்கள். காலை ஏழு மணிக்கு ஆரம்பித்து மதியம் நிறுத்தி, சாயங்காலம் திரும்பத் தொடங்குகிற மாதிரி வைத்துக்கொண்டால் அந்த இரண்டு மாதம் ஓடும். வீட்டிலேயே தொடங்குபவர்கள் வீட்டுக் கரண்ட் இணைப்பில் மெஷின் ஓட்டாதீர்கள், மின்வாரிய ஸ்குவாடு வந்து பிடித்தால் மிச்சம் பிடித்ததெல்லாம் சேர்த்துப் போகும். தொழிலுக்கான இணைப்பு தனி. தைப்பது வேறு, தோல் பதனிடுவது வேறு என்பதையும் வீட்டுக்காரருக்குச் சொல்லிப் புரியவைக்க வேண்டியிருக்கும், தோல் பதனிடும் கழிவால் பாலாறு பட்ட பாட்டில் இந்தப் பக்கம் தோல் என்றாலே பயம், 1996இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த் தீர்ப்பு வந்த ஊர் இது.

பதிவு, வரி

இதை ரொம்பப் பெரிதாக நினைத்துப் பயப்படுகிறார்கள், பாதி ஒரு மத்தியானத்தில் முடியும். உத்யம் என்கிற சிறுதொழில் பதிவை ஆதாரையும் பான் எண்ணையும் வைத்து அரசு தளத்தில் நீங்களே போடலாம், காசு கிடையாது. தேடினால் அதே மாதிரி பெயரில் கட்டணம் கேட்கும் தளங்கள்தான் மேலே வரும், அரசு முகவரியைப் பார்த்துப் போங்கள். பதிவில் உற்பத்தி என்று சரியாகக் குறிப்பிடுங்கள். பின்னால் வசூல் பேச்சில் இது வேலைக்கு ஆகும்.

ஜி.எஸ்.டி. பொருள் மட்டும் விற்பவருக்கு வருஷ விற்றுமுதல் 40 லட்சத்தைத் தாண்டினால், சேவைக்கு 20 லட்சத்தைத் தாண்டினால் கட்டாயம். ஆனால் நம் ஊருக்கு ஒரு தனிச் சிக்கல், ஆந்திராவின் சித்தூர் இங்கிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம், அங்கே கடைக்குச் சரக்கு போடலாம் என்று எல்லாருக்கும் தோன்றும். மாநிலம் தாண்டிப் பொருள் விற்றால் பொதுவாக முதல் ரூபாயிலிருந்தே ஜி.எஸ்.டி. வேண்டும். கைவினைப் பொருளுக்குச் சில விலக்கு உண்டு, மெஷினில் தைத்ததை அதில் சேர்த்துக் கணக்குப் போடாதீர்கள். விற்றுமுதலில் ஒரு சின்ன சதவீதத்தை வரியாகக் கட்டும் காம்போசிஷன் திட்டத்தில் இருந்தாலும் வெளிமாநிலத்துக்கு விற்க முடியாது. வருமானவரிக்கு உத்தேச வருமான முறை இருக்கிறது, 2 கோடி வரை விற்றுமுதலில் 8 சதவீதம், வங்கி வழியாக வந்ததற்கு 6 சதவீதம் லாபமாகக் காட்டலாம், முன்கூட்டிக் கட்டும் வரியை மார்ச் 15க்குள் ஒரே தவணையாகக் கட்டிவிடலாம். லாபம் வரவில்லையே என்று கணக்கு தாக்கல் செய்யாமல் இருக்காதீர்கள், அந்தக் காகிதம்தான் நாளைக்கு பேங்கில் உங்கள் சம்பள ஸ்லிப்.

கடன் வாங்கினால்

மாவட்டத் தொழில் மையம் போங்கள். 2019இல் பிரித்த பிறகு ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டம், ஆற்காடு, மேல்விஷாரம் ராணிப்பேட்டை மாவட்டம், குடியாத்தம், பேரணாம்பட்டு வேலூர், உங்கள் ஊர் எதிலோ அங்கேதான். மானியத் திட்டங்கள் உண்டு, நல்லவைதான். ஆனால் மானியம் என்றால் கையில் காசு கொடுப்பார்கள் என்று நினைத்துப் போகிறார்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் அந்தத் தொகை உங்கள் பெயரில் வங்கியில் மூன்று வருஷம் டெபாசிட்டாகக் கிடக்கும், தொழில் ஓடினால்தான் கடனில் கழியும். அதுவரை தவணை நீங்கள்தான் கட்ட வேண்டும், சொந்தப் பங்கும் போட வேண்டும். கடன் கைக்கு வர எத்தனை மாதம் ஆகும் என்று யாரும் எழுதித் தரமாட்டார்கள், ஆகவே அதை நம்பி வேலையை விடாதீர்கள், கடன் அனுமதி வரும் வரை சம்பளத்தில் இருங்கள்.

தண்டல் பக்கம் போகவே வேண்டாம். 10,000 என்று பேசி 9,000 கையில் கொடுத்து, தினம் 100 ரூபாயாக நூறு நாள் வாங்குவார்கள். ஆயிரம் ரூபாய்தானே வட்டி என்று தோன்றும். முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டிருப்பதால் சராசரியாக நாலாயிரத்துச் சொச்சம்தான் உங்களிடம் இருக்கிறது, வருஷக் கணக்கில் போட்டால் 80 சதவீதத்துக்குப் பக்கம். மார்க்கெட்டில் அன்றாடம் காசு புரட்டுபவர் அதைச் சமாளிக்கிறார். 45 நாள் கழித்துக் காசு பார்ப்பவர் தினம் சாயங்காலம் வந்து நிற்கும் ஆளுக்கு எதை எடுத்துக் கொடுப்பார்? இன்னொரு பக்கம், கம்பெனி செட்டில்மென்ட் பணம் வந்ததும் "மாசம் இவ்வளவு வட்டி தர்றாங்க, தொழிலெல்லாம் எதுக்கு" என்று ஒரு சொந்தக்காரர் வருவார். 2022இல் இந்தப் பக்கம் எத்தனை வீட்டுப் பணம் அப்படிப் போனது என்று அவருக்கே தெரியும், நினைவுபடுத்திவிட்டு காபி கொடுத்து அனுப்புங்கள்.

வசூல்

வேலூர் கடைகளில் நடைமுறை பில்லுக்குப் பில். புதுச் சரக்கு போடும்போது பழைய பில்லுக்குக் காசு. கேட்க நன்றாக இருக்கிறது, நடப்பில் பழைய பில்லில் பாதி வரும், புதுச் சரக்கு முழுசாகப் போகும், ஆறு மாதத்தில் உங்கள் மூலதனம் மொத்தமும் அவர் ஷோகேஸில் தொங்கும். எத்தனை பில் வரை என்று கடைக்குக் கடை ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு இரண்டு. மூன்றாவது பில் போடமாட்டேன், எவ்வளவு நல்ல பாய் ஆனாலும் சரி.

திங்கட்கிழமை பதினொரு மணி வசூலுக்கு நல்ல நேரம், ஞாயிறு வியாபாரத்துக் காசு கல்லாவில் இருக்கும், இன்னும் பேங்குக்குப் போயிருக்காது. வாடிக்கையாளர் எதிரில் பாக்கியைப் பேசாதீர்கள், ஓரமாக உட்காருங்கள்.

"பாய், போன மாசத்து பில்லு."

"வியாபாரமே இல்ல தம்பி, அடுத்த வாரம் பார்க்கலாம்."

"சரி பாய், முழுசா வேணாம். அஞ்சாயிரம் குடுங்க, தோல்காரருக்கு இன்னிக்குக் கட்டணும். மீதிக்கு வர்ற திங்கக்கிழமை வர்றேன்."

தொகையும் தேதியும் சொல்லிக் கேட்டால் வெறுங்கையோடு அனுப்ப மனசு வராது. "பார்த்து செய்யுங்க பாய்" என்று கேட்டால் அவர் பார்த்துக்கொண்டேதான் இருப்பார். சரக்கு இறக்கும்போது டெலிவரி சலானில் கடை முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் வாங்குங்கள், கடைப் பையன் கையெழுத்து போதாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 2006ஆம் வருஷ குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, உத்யம் பதிவு வைத்திருக்கும் குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளைத் தாண்டாமல், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளில் காசு வர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட்டைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி. அதற்கான அரசு இணையதளத்தில் புகார் போடலாம். இப்போது வருமானவரியிலும் பிடித்திருக்கிறார்கள், கெடு தாண்டியும் கொடுக்காத தொகையை வாங்கியவர் அந்த வருஷச் செலவாகக் காட்ட முடியாது, அதனால் கணக்கு ஒழுங்காக எழுதும் பெரிய ஆட்களிடம் மார்ச்சில் போனால் காசு வரும். (சிலர் மார்ச்சுக்கு முன்னால் சரக்கைத் திருப்பியும் அனுப்புவார்கள், அதற்கும் தயாராக இருங்கள்.) வாங்கி வந்து விற்கும் வியாபாரிக்கு இந்த 45 நாள் பாதுகாப்பு கிடையாது, உற்பத்தி, சேவை இரண்டுக்கும்தான். செக் திரும்பினால் பேங்க் மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போட வேண்டும், அந்த நாள் தவறினால் அந்த மெமோவை வைத்துச் செக் வழக்குப் போட முடியாது. தெருக்கடைக்காரரிடம் போய் சட்டம் பேசினால் அந்தக் கடை உங்களுக்கு இனி இல்லை என்று தெரிந்துகொண்டு பேசுங்கள். நான் அதைக் கடைசிக்குத்தான் வைப்பேன்.

ஒரே ஆள் வேலை கொடுத்தால் வசதியாக இருக்கும், தினம் அலைய வேண்டாம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருளுக்கு 50 சதவீத வரி போட்டபோது, ஒரே எக்ஸ்போர்ட்டரிடம் ஜாப் ஒர்க் வாங்கித் தைத்துக்கொண்டிருப்பது எவ்வளவு ஆபத்து என்று ஆம்பூர் பக்கம் எல்லாருக்கும் புரிந்தது. மொத்த வேலையில் பாதிக்கு மேல் ஒருவரிடமிருந்து வந்தால், அவர் எவ்வளவு தங்கமான மனுஷராக இருந்தாலும் நீங்கள் இன்னும் வேலையில்தான் இருக்கிறீர்கள், பி.எஃப். மட்டும் இல்லை.

நிறுத்த வேண்டி வந்தால்

தொடங்கும்போதே ஒரு தொகையை எழுதி வையுங்கள், கையிருப்பு இதற்குக் கீழே போனால் நிறுத்திவிட்டு வேலைக்குப் போவேன் என்று. வீட்டில் இன்னொருவருக்கும் அது தெரிந்திருக்கட்டும். நகையில் கை வைப்பதற்கு முன்னால் அந்த எண் வர வேண்டும். இரண்டு வருஷம் சொந்தமாக நடத்தியவரை மறுபடி வேலைக்கு எடுக்கக் கம்பெனிகள் அப்படியொன்றும் யோசிப்பதில்லை, சரக்கு விலையும் ஆள் வேலையும் தெரிந்த ஆள் என்று எடுத்துக்கொள்வார்கள்.

மூடுவதாக முடிவு செய்தால் முதலில் யாரிடமும் சொல்லாதீர்கள். வெளியே தெரிந்த அன்றோடு பாக்கி வருவது நின்றுவிடும், அடுத்த சரக்கு வராது என்று தெரிந்த கடைக்காரருக்குப் பழைய பில் கொடுக்க என்ன அவசரம்? வழக்கம்போல ஆர்டர் எடுத்து, சரக்கைக் குறைத்துப் போட்டு, இரண்டு மூன்று மாதத்தில் பாக்கியை உள்ளே இழுத்துவிட்டு, தோல்காரருக்கும் ஆட்களுக்கும் கணக்கு முடித்து, அப்புறம் மெஷினை விற்க ஆள் பாருங்கள். ஜி.எஸ்.டி. எண் வாங்கியிருந்தால் அதை ரத்து செய்ய விண்ணப்பிக்க வேண்டும், ரத்தான பிறகு மூன்று மாதத்துக்குள் ஜி.எஸ்.டி.ஆர்-10 என்ற கடைசிக் கணக்கைத் தாக்கல் செய்ய வேண்டும். கடையை மூடியாச்சே என்று இதை விட்டுவிட்டால் வேலைக்குப் போன இடத்துக்குத் தாமதக் கட்டண நோட்டீஸ் வரும்.